விருந்தாளி என்று நான் சொன்னவர்கள்

கோச்சாவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால், அவன் சவப்பெட்டியை நன்றாகத் தூக்குவான் என்று சொல்வேன். போன அக்டோபரில் ரமாஸின் பெட்டியை முன்பக்கம் வலது மூலையில் தூக்கி வந்தவன் அவன்தான். அன்றைக்கு அதிகமாக அழுததும் அவன்தான். சட்டைக் காலர்வரை ஈரம். பார்த்தவர்கள் எல்லாரும், "ஞானமகன்னா இப்பிடி இருக்கணும்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு அவன் முதலாளி வேறு.

ரமாஸ், ஷக்ரோ மாமாவின் ஒரே மகன். கோச்சா, மாமா ஞானஸ்நானத்தில் தொட்டுத் தூக்கிய ஞானமகன். போலந்தில் கட்டட வேலைக்குப் போனவன் சாரத்திலிருந்து விழுந்தான். உடல் வந்து சேர்ந்தபோது இங்கே எங்கள் கக்கேத்தி மாவட்டத்தில் திராட்சை அறுவடை பாதியில் நின்றுகொண்டிருந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் ஷக்ரோ மாமா கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். ரமாஸ் தன் கையால் நட்ட நான்கு வரிசைக் கொடியை மட்டும் தனியாக அறுத்தார், தனியாக மிதித்தார், மரானி என்று நாங்கள் சொல்லும் ஒயின் அறையில் ஒரு தாழியில் தனியாக ஊற்றினார். கழுத்துவரை மண்ணில் புதைந்த தாழி. மேலே கல் மூடி, அதற்கு மேல் ஈரக் களிமண்.

எங்கள் வீடுகளில் கடவுளுக்கும் செத்தவர்களுக்கும் என்று ஒரு தாழியை ஒதுக்கி வைப்போம். அதிலிருந்து விற்பதில்லை, சும்மா ருசி பார்க்கக்கூட எடுப்பதில்லை. ரமாஸின் தாழி அவனுடைய முதல் வருஷத் திவசத்தன்று திறக்க வேண்டியது. ஊரே கூடி அன்றைக்கே அதைக் குடித்துத் தீர்க்க வேண்டும். நடுவில் திறந்தால் காற்றுப் பட்டுப் புளித்துவிடும். ஒரு குவளை எடுத்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளலாம் என்பதெல்லாம் நடக்காது. இது கோச்சாவுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அவனும் தாழிக்குள் இறங்கித் தேய்த்துக் கழுவி வளர்ந்தவன்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் மக்வலா. தெலாவியில் பதினோரு வருஷம் பள்ளியில் ஜெர்மன் சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் கோச்சா தலைநகர் திபிலிசியில் ஒரு சுற்றுலா கம்பெனி ஆரம்பித்து என்னைக் கூப்பிட்டான். ஜெர்மனியிலிருந்து வருகிறவர்களை ஒயின் செய்யும் வீடுகளுக்குக் கூட்டிப்போக வேண்டும், பேசுவதை மொழிபெயர்க்க வேண்டும். நல்ல வேலை. ஆளுக்கொரு ஒயின், ஆளுக்கொரு கதை. பெரிய பண்ணைகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு கண்ணாடிக் கிண்ணத்தில் விரலளவு ஊற்றுவார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அது வியாபாரம்.

ஷக்ரோ மாமா வீடு அப்படி இல்லை. முதல் முறை கோச்சா அவருக்குப் போன் போட்டு, "ஞானப்பா, ஜெர்மனியிலேர்ந்து என் சிநேகிதங்க வராங்க, உங்க ஒயினப் பத்தி நான் சொல்லிச் சொல்லி அவங்களுக்கு ஆசை வந்திருச்சு" என்றான். அவ்வளவுதான். எதேரி அத்தை இரண்டு கோழி அடித்தாள். மாமா ஆட்டிறைச்சியைக் காய்ந்த திராட்சைக் கொடி நெருப்பில் வாட்டினார். வந்த எட்டுப் பேரும் வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கட்டிப்பிடித்து விடைபெற்றார்கள். நான்கு வருஷம் இப்படியே போனது. கோச்சாவுக்கு எப்படித்தான் இத்தனை சிநேகிதர்கள் என்று மாமா வியப்பார். "நல்ல புள்ள, போன எடத்துலெல்லாம் ஆளச் சம்பாதிக்கிறான்" என்பார். நான் சிரித்து மழுப்புவேன். அந்த எட்டுப் பேரும் இந்தச் சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் கோச்சாவிடம் பணம் கட்டியிருந்தார்கள்.

ஒருமுறை மனசு கேட்காமல் ஒரு நோட்டுக் கட்டைத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். பாலம் தாண்டும்போது பின்னாடி டிராக்டர் சத்தம். ஷக்ரோ மாமா காலில் செருப்புக்கூட இல்லாமல் விரட்டிக்கொண்டு வந்தார்.

"மக்வலா! உன் ஆளுங்க காச மறந்து வெச்சிட்டுப் போறாங்க பாரு. பாவம், வெளியூர்ல காசு இல்லாம என்ன பண்ணுவாங்க?"

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "ஆமா மாமா, மறந்துட்டாங்க" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போதுகூட எனக்கு என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

மே மாதம் கோச்சா தானே ஒரு குழுவோடு வந்தான். ஒன்பது பேர். முக்கியமான குழு, படம் பிடித்து வெளியிடப்போகிறார்கள் என்றான். புது நிகழ்ச்சி நிரல் ஒன்றை வழவழத்தாளில் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தான். எனக்கும் ஒன்று கேட்டேன். "உனக்கெதுக்கு அது? போற பாதை உனக்குத் தெரியாதா?" என்றான். பெரிய முதலாளி, கையில் தாள் தீர்ந்துபோயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மதியச் சாப்பாடு முற்றத்தில் வாதுமை மரத்தடியில். எதேரி அத்தை கறுப்பு உடையில்தான் இருந்தாள், ஒரு வருஷம் முடியும்வரை அப்படித்தான். ஆனாலும் மேஜையில் ஒரு குறை வைக்கவில்லை. பாலாடைக்கட்டி ரொட்டி, கீரை உருண்டை, கத்தரிக்காயில் வால்நட் அரைத்துத் தடவியது, மீன், கோழி. வாழ்த்துச் சொல்லி விருந்தை நடத்தும் தலைவர் யார் என்று வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். கோச்சா யாரையும் கேட்காமல் தானே எழுந்து நின்றான். துக்க வீடு என்பதால் மாமா விட்டுவிட்டார்.

முதல் வாழ்த்து கடவுளுக்கு, அடுத்தது நாட்டுக்கு. மூன்றாவது, போனவர்களுக்கு. கோச்சா ரொட்டித் துண்டில் ஒயினைச் சொட்டவிட்டு ரமாஸின் பெயரைச் சொன்னான். குரல் தழுதழுத்தது. சொல்லிவிட்டுத் குழுவில் இருந்த ரூடிகரைத் தோளில் தட்டி எழுந்து நிற்க வைத்தான். ரூடிகர் ஓய்வுபெற்ற பல் டாக்டர், நல்ல மனிதர்தான். கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

"இப்ப அந்தத் தாழியத் திறக்கப்போறாங்கதானே?" என்று என்னிடம் ஜெர்மனில் கேட்டார்.

எந்தத் தாழி என்று எனக்குப் புரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கோச்சா முந்திக்கொண்டான்.

"ஞானப்பா, விருந்தாளி ஒண்ணு கேக்குறார். ரமாஸோட தாழியில ஒரு வாய் குடிச்சு அவன நெனைக்கணுமாம். அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து கேக்குறார், மனசு எப்பிடி பாருங்க!"

அத்தையின் கையில் இருந்த தட்டு அந்தரத்தில் நின்றது. மாமா ரூடிகரைப் பார்த்தார். ரூடிகர் ஒன்றும் தெரியாமல் புன்னகைத்தார். விருந்தாளி கேட்டு இல்லை என்று சொல்லும் நாக்கு எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கிடையாது. காலில் போட்டிருக்கும் பூட்ஸைக் கேட்டாலும் கழற்றிக் கொடுப்பார்கள். கோச்சாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் ஜெர்மன்காரரின் வாயில் அந்தச் சொல்லைத் திணித்துவிட்டு நிற்கிறான்.

"கோச்சா, அது அக்டோபருக்கு வெச்சது" என்றாள் அத்தை மெல்ல.

"தெரியும் அத்தை. ஆனா விருந்தாளி கேட்டுட்டாரே, நான் என்ன பண்ணட்டும்?"

மாமா எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த சின்னக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு மரானிக்கு நடந்தார். ஒன்பது பேரும் போனைத் தூக்கிக்கொண்டு பின்னாடி போனார்கள். நானும் போனேன். கோச்சாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நிறுத்து."

"நீ மொழிபெயர்க்க வந்தவ. அந்த வேலையப் பாரு."

மரானிக்குள் குளிர்ச்சியாக இருந்தது. மாமா மண்டியிட்டுக் களிமண்ணைச் சுரண்ட ஆரம்பித்தார். காய்ந்த மண் தட்டுத்தட்டாகப் பெயர்ந்தது. அவர் ஒவ்வொரு தட்டையும் எடுத்து ஓரமாக, உடையாமல் வைத்தார். கோச்சா குனிந்து, "ஞானப்பா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, வெளிச்சம் விழட்டும்" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கே கிடந்த மண்வெட்டியை எடுத்து அவன் மண்டையில் போட்டிருப்பேன்.

அப்போது குழுவில் வந்திருந்த ஹெல்கா என் கையைப் பிடித்தார். எழுபது வயது இருக்கும். கண் கலங்கியிருந்தது.

"படிச்சப்பவே அழுதுட்டேன்" என்றார். "அந்தப் பையன் கீழ விழுந்தது, அப்பாவே இத மூடி வெச்சது… நேர்ல பாக்குறப்ப இன்னும் தாங்க முடியல."

"எங்க படிச்சீங்க?"

அவர் தாளை என்னிடம் நீட்டினார். நான்காம் நாள் என்று தலைப்பு. படித்தேன். இரண்டாவது முறையும் படித்தேன், ஒருவேளை என் ஜெர்மன் துருப்பிடித்துவிட்டதோ என்று. இல்லை. பதினோரு வருஷம் சொல்லிக்கொடுத்த மொழி, எழுத்து எழுத்தாகப் புரிந்தது.

"மாமா, கொத்தக் கீழ வைங்க" என்றேன்.

"மக்வலா!" என்றான் கோச்சா.

"மொழிபெயர்க்கத்தானே வந்தேன்? மொழிபெயர்க்குறேன்."

ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எங்கள் மொழியில் சத்தமாகப் படித்தேன். "நான்காம் நாள். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த மகனைப் பறிகொடுத்த ஒயின்காரர் வீட்டில் மதிய உணவு. இறந்த மகனின் நினைவாகத் தன் கையால் மூடி வைத்த தாழியைத் தந்தை உங்கள் கண்முன் திறப்பார். வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே கிடைக்கும் அனுபவம். படம் எடுக்க அனுமதி உண்டு. எங்கள் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். கட்டணத்தில் அடங்கும்."

மாமா நிமிரவில்லை. மூடியின்மேல் கை வைத்தபடியே இருந்தார்.

"மறுபடி சொல்லு. கடைசியில."

"கட்டணத்தில் அடங்கும்."

"அதுக்கு முன்னாடி."

"வாடிக்கையாளர்களுக்கு மட்டும்."

"வாடிக்கையாளரா?" அவர் கோச்சாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நீ நாலு வருஷமா வேற வார்த்தைதானே சொல்லுவ. ஒவ்வொரு தடவையும் வேன்லேர்ந்து எறங்கினதும் 'மாமா, விருந்தாளிங்க வந்தாச்சு'ன்னு."

"ஆமா மாமா."

"இவங்க யாரும் கோச்சாவோட சிநேகிதங்க இல்லியா?"

"இல்ல."

"முன்னாடி வந்தவங்க?"

"ஒருத்தர்கூட இல்ல. எல்லாரும் காசு கட்டி வந்தவங்க. எனக்குத் தெரியும்."

கோச்சா நடுவில் புகுந்தான். அவனுக்கு ஆயிரம் நியாயம் இருந்தது. "ஞானப்பா, இத ஏன் தப்பா எடுத்துக்குறீங்க? காலம் மாறிடுச்சு. உங்க பேர ஜெர்மனி வரைக்கும் கொண்டுபோய்ச் சேத்திருக்கேன். நாளைக்கு உலகமே வந்து நிக்கும் உங்க வாசல்ல."

"என் பேரா இதுல போட்டிருக்கு?" மாமா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அந்த எழுத்து தெரியாது. "என் புள்ள செத்ததத்தானேடா போட்டிருக்கு."

"அவன நான் என் தோள்ல தூக்கினேன் ஞானப்பா!"

"தூக்கினடா. எதுக்குத் தூக்கினன்னு இப்பதான் தெரியுது."

ரூடிகர் போனைப் பைக்குள் போட்டுவிட்டார். என்ன நடக்கிறது என்று ஹெல்கா கேட்டார். "இந்தத் தாளில் இருப்பது இவருக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மாளின் முகம் வெளுத்துப்போனது. பாவம், அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கடையில் வைத்திருந்ததை வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மாமா பெயர்த்து வைத்த களிமண் தட்டுகளை மறுபடி பொருத்தினார். வாளியில் இருந்த தண்ணீரைத் தொட்டுத் தொட்டுக் குழைத்து விரிசலையெல்லாம் உள்ளங்கையால் தேய்த்து மூடினார். கல் மூடி அசையவே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"காசு குடுத்து வந்தவங்களுக்கு இல்லன்னு சொல்லலாம்" என்றார், யாரிடமும் இல்லாமல். "எனக்கு இது முன்னமே தெரிஞ்சிருந்தா எவ்வளவு சுலபமா இருந்திருக்கும்."

பிறகு கையைக் கழுவிக்கொண்டு எல்லாரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார். "சாப்பாடு பாதியில கெடக்கு. பாதியில எழுப்பி யாரையும் அனுப்ப மாட்டேன். ஒக்காருங்க."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். கோச்சாவும் உட்கார்ந்தான், விஷயம் அடங்கிவிட்டது என்று நினைத்திருப்பான். அவனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஒயின் ஜாடியைப் பார்த்துக் கையை நீட்டினான். மாமா ஜாடியை எடுத்துக் கீழே வைத்துவிட்டார்.

"எதேரி, கூரை வேலைக்கு வந்தவங்களுக்கு வாங்கின பீர் மிச்சம் இருக்கா?"

அத்தை ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். "இருக்கு" என்றாள். உள்ளே போய் ஒரு பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தாள். ஏழு மாதத்தில் அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு கிண்ணத்திலும் நுரை பொங்க ஊற்றினாள். கோச்சாவின் முகம் சாம்பல் நிறம் ஆகிவிட்டது.

ஜெர்மன்காரர்களுக்கோ ஒரே நிம்மதி. நான்கு நாளாக ஒயினிலேயே ஊறிக் கிடந்தவர்கள். ரூடிகர், "அடடா, பீர்!" என்று கையைத் தேய்த்தார். எங்கள் ஊரில் ஒயினைத் தூக்கி வாழ்த்தினால்தான் வாழ்த்து. பீரைத் தூக்கி வாழ்த்துவது விரோதியை. வரப்பைத் தள்ளிப்போட்ட பக்கத்து வீட்டுக்காரன், லஞ்சம் கேட்ட அதிகாரி, இவர்களுக்குத்தான் பீர். சொல்வது எல்லாம் நல்ல வார்த்தையாக இருக்கும், விளங்கவேண்டியது எல்லாம் தலைகீழாக. திபிலிசியில் இளவட்டங்கள் இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்கிறார்களாம். இந்த முற்றத்தில் யாரும் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஷக்ரோ மாமா எழுந்து நின்றார். கிண்ணத்தை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினார்.

"கோச்சா, நான் ஞானஸ்நானத்துல தொட்டுத் தூக்கின புள்ள. உனக்கு நீண்ட ஆயுசு. உன் கம்பெனி வளரட்டும். உன் வீட்டுக்கு ஆளுங்க வந்துகிட்டே இருக்கட்டும். வர்ற ஒவ்வொருத்தனும் டிக்கெட்டோட வரட்டும். கௌமர்ஜோஸ்!"

நான்கு நாளில், வாழ்த்து முடிவில் சொல்லும் அந்த ஒரு சொல்லையாவது ஜெர்மன்காரர்கள் கற்றிருந்தார்கள். ஒன்பது பேரும் எழுந்து கிண்ணங்களைக் கோச்சாவை நோக்கி நீட்டி, "கௌமர்ஜோஸ்!" என்று முழு மனதோடு கத்தினார்கள். ரூடிகர் ஒரே மூச்சில் காலி பண்ணினார். கோச்சா குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றான். அப்புறம் கிண்ணத்தை வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தான். வேனுக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். நன்றாக வேண்டும் உனக்கு என்று நினைத்தேன்.

அத்தை மறுபடி கிண்ணங்களை நிரப்பினாள். என்னுடையதை மட்டும் விளிம்புவரை நிரப்பி, என் முன்னால் நகர்த்தி வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமா என் பக்கம் திரும்பி நின்றார்.

"மக்வலா" என்றார். "உன் வாய்க்கு. நாலு வருஷம் ரெண்டு பக்கமும் இனிக்க இனிக்கப் பேசின வாய். என் பொண்டாட்டி உனக்குன்னு தனியா ரொட்டி சுட்டு வெப்பா. அந்த வாய் என்னிக்கும் நல்லா இருக்கட்டும். கௌமர்ஜோஸ்!"

ஜெர்மன்காரர்கள் மகிழ்ச்சியோடு என்னை நோக்கிக் கிண்ணங்களைத் தூக்கினார்கள். ஹெல்கா என் தோளைத் தொட்டார்.

"உங்களப் பாராட்டுறாரா? என்ன சொன்னார், முழுசா சொல்லுங்களேன்."

எல்லாரும் குடிப்பதற்கு முன் நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். 'எனக்கு நன்றி சொல்கிறார்' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். நான்கு வருஷமாக அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தேன். ஷக்ரோ மாமா கிண்ணத்தை இறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஜெர்மன் தெரியாது. நான் என்ன சொன்னாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

பீருக்கு இங்கே என்ன அர்த்தம் என்று முதலில் சொன்னேன். பிறகு, கோச்சாவுக்குச் சொன்னதைச் சொன்னேன். பிறகு, எனக்குச் சொன்னதை, வாய், ரொட்டி எல்லாவற்றையும், அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். தூக்கிய கிண்ணங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. மேஜையில் யாரும் குடிக்கவில்லை. நான் மட்டும் என் கிண்ணத்தை எடுத்து, அடிவரை குடித்தேன்.